ஒன்று ஏழுக்கு நின்றுபோன எடை

எர்ணாவூரில் பெரிய சாலையை ஒட்டி ஒரு கண்டெய்னர் யார்டு இருக்கிறது. கப்பலேறப் போகும் பெட்டிகள் ட்ரெய்லரில் வந்து, வாசலில் உள்ள எடைமேடையில் ஏறி நின்று, எடைச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் துறைமுகத்துக்குப் போக வேண்டும். சீட்டு இல்லாத பெட்டியைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். அந்த வாசலில் நடப்பது இவ்வளவுதான். ஆனால் அது நின்றுபோனால் ட்ரெய்லர் வரிசை சாலைக்கு வந்துவிடும். வரிசை சாலைக்கு வந்தால் போலீஸ் வந்துவிடும். போலீஸ் வந்தால் யார்டு மேனேஜர் ரஞ்சித்துக்குத் தலைவலி வந்துவிடும்.

திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அது நின்றுபோனது.

எடைமேடையின் மேல் ஒரு ட்ரெய்லர், அதன் முதுகில் அரிசி மூட்டைகள் அடைத்த பெட்டி. எப்படிப் பார்த்தாலும் நாற்பது டன்னுக்குக் குறையாது. ஆனால் கம்ப்யூட்டர் திரையில் எடை பூஜ்யம் என்று இருந்தது. பக்கத்தில் ஒரு பச்சை வட்டம், ‘இணைப்பு உள்ளது’ என்ற எழுத்தோடு குளிர்ச்சியாக எரிந்துகொண்டிருந்தது.

டிரைவர் இறங்கி வந்து கேபின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

“இன்னாண்ணா, ஜீரோ காட்டுது? என் வண்டி இன்னா காத்தாடியா?”

“என்ன கேக்காத நைனா. கம்ப்யூட்டரு பாப்பா வரும், அத்த கேளு” என்றார் சிலுவைமுத்து.

சிலுவைமுத்துதான் எடைமேடை ஆபரேட்டர். எர்ணாவூர்க் குப்பத்துக்காரர், வயது நாற்பத்தைந்து. பதினாறு வருஷம் காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சு ஓட்டியவர். முட்டி தேய்ந்துபோனதும் கரைக்கு வந்துவிட்டார். யார்டு வேலை ஒரு கான்ட்ராக்டர் மூலம் கிடைத்தது. நாளையிலிருந்து வராதே என்று சொல்ல ஒரு போன் போதும், அப்படிப்பட்ட வேலை. எடைமேடையின் எடையைக் காட்டுவதற்கு அவர் மேஜைமேல் ஒரு இரும்புப் பெட்டி உண்டு. அதில் சிவப்பு எண்கள் எரியும். நாலு வருஷமாக அந்த எண்களைப் பார்த்துச் சீட்டில் கையால் எழுதிக்கொண்டிருந்தார். இப்போது கையெழுத்துச் சீட்டு செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். பெட்டியிலிருந்து எடையைக் கம்ப்யூட்டரே நேராக எடுத்துச் சீட்டு அச்சடிக்க வேண்டும். அதற்கான நிரல் அன்றைக்குக் காலையில்தான் ஓடத் தொடங்கியது. மதியம் படுத்துவிட்டது.

அந்த நிரலை எழுதியவள் எழில்மொழி. வியாசர்பாடிப் பெண், இருபத்து மூன்று வயது. தண்டையார்பேட்டையில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் காலித் பாய் நடத்தும் கம்பெனியில் வேலை. ஆறு பேர், இரண்டு ஃபேன், ஒரு தண்ணீர் கேன். சேர்ந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. ஆறு மாதம் முடிந்ததும் வேலையை நிரந்தரமாக்கி லெட்டர் தருவதாகக் காலித் பாய் சொல்லியிருந்தார்.

அவள் எழுதியது என்ன என்று சொல்லிவிடுகிறேன். மிரள வேண்டாம் கண்ணுங்களா, இதில் மிரள ஒன்றுமில்லை. அந்த எடைப் பெட்டிக்கு ஒரு முகவரி உண்டு, ஹவுசிங் போர்டில் பிளாக் நம்பர் இருக்கிறதே அந்த மாதிரி. அந்த பிளாக்கில் பேசுவதற்கென்று ஒரு கதவு உண்டு; கதவுக்கும் ஒரு நம்பர். பைத்தான் என்று ஒரு கணினி மொழி இருக்கிறது. இந்த பிளாக்கில் இந்தக் கதவைத் தட்டு என்று அதில் ஒரே வரியில் சொல்லிவிடலாம். தட்டுகிற நிரலுக்கு கிளையன்ட் என்று பெயர். அந்த நம்பரில் கதவே இல்லையென்றால் உடனே மறுப்பு வந்துவிடும். திறந்துவிட்டால் இணைப்பு. அதற்குப் பிறகு பெட்டி விநாடிக்குப் பத்துத் தடவை எடையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். நிரல் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான் அவள் எழுதியது.

மூன்று மணிக்கு எழில் பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். வெளியாட்கள் யாரும் தூரத்திலிருந்து நுழைய முடியாதபடி யார்டு கம்ப்யூட்டர்களைப் பூட்டி வைத்திருந்தார்கள். அதனால் நேரில்தான் வர வேண்டும். வாசலில் செக்யூரிட்டி செங்கொடி அவள் பையைத் திறந்து பார்த்துவிட்டு, “சீக்கிரம் போ. பதினேழு வண்டி நிக்குது. ஒவ்வொருத்தன் வாயிலயும் ஒன் பேருதான்” என்றாள்.

எழில் நிரலை மூடினாள், திறந்தாள். திரையில் நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் என்று எடை வந்து நின்றது. அச்சு இயந்திரம் சீட்டைத் துப்பியது.

“இவ்ளோதானா?” என்றார் சிலுவைமுத்து. “இதுக்கு தண்டார்பேட்டைலேந்து வர்ணுமா?”

“நீங்களே மூடித் தொறந்திருக்கலாமேண்ணா. போன்ல சொன்னனே.”

“நான் தொட்டு அது ஒடஞ்சிச்சின்னு வெச்சிக்கோ, எந்தலைலதான் கட்டுவானுங்க. உம் பொருளு, நீ தொடு.”

“பெட்டிகிட்ட யாராச்சும் வந்தாங்களா? ஒயரு கியரு இஸ்த்தாங்களா?”

“ஒருத்தனும் வர்ல. எப்பவும் போலத்தான் கீது.”

செவ்வாய்க்கிழமையும் அதேதான் நடந்தது. காலையில் ஜோராக ஓடியது, எண்பது சீட்டுக்கு மேல். ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டுக்கு வாசலை மூடுவார்கள். திறந்ததும் முதல் வண்டிக்கே பூஜ்யம். பச்சை வட்டம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை வரிசை சாலைக்கே வந்துவிட்டது. எழில் வந்து மூடித் திறந்து சரிசெய்யும்போது நாலு மணி. இரண்டு பெட்டிகள் அன்றைய கப்பலைத் தவறவிட்டன.

ரஞ்சித் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கெட்டவரில்லை. ஆனால் பகல் முழுதும் இரண்டு போனில் திட்டு வாங்குகிறவர். அதில் கொஞ்சத்தையாவது யாருக்காவது கொடுக்காமல் அவரால் வீட்டுக்குப் போக முடியாது.

“காலைல ஓடுது, மத்தியானம் படுக்குது. மெஷினுக்கு மணி பாக்கத் தெரியுமா? மனுஷனுக்குத்தான் தெரியும்.”

“புரியல சார்.”

“சிலுவை டீக்கடைல என்ன சொன்னான் தெரியுமா? இந்தப் பொண்ணு ப்ரோக்ராம் நல்லா ஓடிச்சின்னா நான் வூட்டுக்குப் போவ வேண்டியதுதான்னு சொல்லியிருக்கான். நாலு பேர் கேட்டிருக்காங்க. அவன் எதையோ புடுங்கி வுடறான். வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு எழுத்துல வேணும். காரணம் என்ன, யாரு. அவன்தான்னு எழுதினேன்னா அன்னைக்கே கான்ட்ராக்டருக்கு போன் போட்டுடுவேன்.”

“அவரு இல்லன்னா?”

“இல்லன்னா உங்க ப்ரோக்ராம் எனக்கு வேணாம்” என்றார் ரஞ்சித்.

புதன்கிழமை காலை நிரலில் இன்னும் இரண்டு வரி சேர்த்தாள் எழில். பெட்டி சொல்வதையெல்லாம் நேரத்தோடு ஒரு குறிப்பில் எழுதிவை என்பதற்கான வரிகள். அன்று மதியம் நிரல் நின்றதும் வந்து அந்தக் குறிப்பைத்தான் முதலில் படித்தாள். மதியம் ஒன்று ஏழு வரைக்கும் எடை வந்திருக்கிறது. அப்போது மேடை காலி, அதனால் பூஜ்யம். அதற்குப் பிறகு ஒரு எழுத்துகூட இல்லை. பிழை இல்லை, மறுப்பு இல்லை, இணைப்பு முடிந்தது என்ற செய்தியும் இல்லை. பேசிக்கொண்டே இருந்தவர் பாதியில் வாயை மூடினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. நிரலோ கடைசியாகக் கேட்ட பூஜ்யத்தைத் திரையில் பிடித்துவைத்துக்கொண்டு, அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தது.

வெளியே போகும்போது செங்கொடியிடம் கேட்டாள். “அக்கா, ஒன்னு ஏழுக்கு இங்க இன்னா நடக்கும்?”

“ஒன்னு ஏழுக்கா? இன்னா நடக்கும்? நான் கேட்ட சாத்துவேன். சிலுவைண்ணன் சோறு துன்னும். அதோ அந்த நாய் வரும், மீன் முள்ளுக்கு.”

வியாழக்கிழமை எழில் டிபன் பாக்ஸோடு வந்தாள். ஒரு மணிக்குக் கேபினுக்குள் போய், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“இன்னா பாப்பா, காவல் காக்க வந்துட்டியா?” என்றார் சிலுவைமுத்து.

“சாப்புட வந்தேண்ணா. ஆபீஸ்ல ஒரே சூடு.”

“இங்க இன்னா ஊட்டியா?”

கடைசி ட்ரெய்லர் மேடையை விட்டு இறங்கியது. செங்கொடி கேட்டை இழுத்துச் சாத்தினாள். சிலுவைமுத்து நாற்காலியை விட்டு எழுந்தார். மேஜைக்குப் பின்னால் சுவரிலிருந்த சுவிட்சைத் தட்டினார். பெட்டியின் சிவப்பு எண்கள் அணைந்தன. பாட்டில் தண்ணீரில் கை கழுவினார், சிலுவைக் குறி போட்டுக்கொண்டார், கேரியரைத் திறந்தார். சங்கரா மீன் குழம்பு வாசனை கேபின் முழுக்கப் பரவியது.

எழில் மணி பார்த்தாள். ஒன்று எட்டு. மேஜைமேல் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். பூஜ்யம், பச்சை வட்டம், ‘இணைப்பு உள்ளது’.

“அண்ணா, இப்போ இன்னா பண்ணீங்க?”

“இன்னா பண்ணேன்? கைய கயுவுனேன்.”

“அதுக்கு முன்னாடி. சுவிட்ச்ச.”

“ஆஃப் பண்ணேன். துன்னப் போறேன்ல.”

“நீங்க துன்றதுக்கும் அதுக்கும் இன்னாண்ணா?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, தெரியாத கேள்வியைக் கேட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார். “நீ லாஞ்சுல போனதில்ல, ஒனக்குத் தெரியாது. எங்க லாஞ்சுல அது சட்டம். சோத்துல கை வெச்சா இன்ஜினு நிக்கணும். ஒரு தபா ஓடிகினு கீறப்பவே துன்னோம். வலைக் கயிறு போயி தண்ணிக்குள்ள கீற இன்ஜினு காத்தாடில சுத்திக்கிச்சு. சோத்துக் கையோட எவன் போயி நிறுத்துறது? போறதுக்குள்ள பெனிட்டோன்னு ஒருத்தன், அவனுக்கு ரெண்டு விரலு போச்சி. அன்னிலேந்து எந்த மிஷினு ஓடுனாலும் சரி, எனக்குச் சோறு எறங்காது. இங்க வந்தப்புறமும் அப்டிதான். நாலு வருசமா.”

“நாலு வருசமா தெனம் ஆஃப் பண்றீங்களா?”

“தெனம். துன்னு முடிச்சா போட்டுருவேன். ஒரு மணி நேரம் ரெஸ்ட் குட்த்தா ஜம்முனு எரியும். இன்னா அப்டி பாக்குற? மீன் வேணுமா?”

“சாப்புட்டு முடிங்கண்ணா” என்றாள் எழில். அவளுடைய டிபன் பாக்ஸை அவள் திறக்கவில்லை.

அவர் சாப்பிட்டு, கை கழுவி, சுவிட்சைப் போட்டார். சிவப்பு எண்கள் உடனே வந்தன. எழில் அவரையும் செங்கொடியையும் எடைமேடையில் போய் நிற்கச் சொன்னாள். எதற்கென்று கேட்காமல் இரண்டு பேரும் போய் வெயிலில் நின்றார்கள்.

“பெட்டில நூத்தி அறுவது காட்டுது” என்று எழில் ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

“அதுல நூறு அவருது” என்று செங்கொடி திருப்பிக் கத்தினாள்.

“ஏய், நீ இன்னா கொத்தவரங்காயா?” என்றார் சிலுவைமுத்து.

“கம்ப்யூட்டர்ல ஜீரோ காட்டுது.”

மேடையில் சிரிப்பு நின்றது. சிலுவைமுத்து முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேபினுக்குத் திரும்பி வந்தார். பெட்டியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். சுவிட்சைப் பார்த்தார். படிக்காத ஆள்தான், ஆனால் பதினாறு வருஷம் இன்ஜின் பார்த்தவருக்கு எது எதனால் நிற்கிறது என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை.

“அப்போ நாந்தானா?” என்றார்.

எழில் லேப்டாப்பை மூடினாள்.

அது பாதி உண்மை. மீதிப் பாதி அவளுக்குத்தான் தெரியும். இணைப்பின் ஒரு முனையில் இருப்பவர் முறையாக விடைபெற்றுக்கொண்டு போனால் மறுமுனைக்குச் செய்தி போகும். மின்சாரத்தை அணைத்தால் சொல்லிக்கொண்டு போக அவகாசம் ஏது? பெட்டி மறுபடி உயிர்பெறும்போது பழைய இணைப்பு அதற்கு ஞாபகமே இருக்காது. புதிதாக யாராவது கதவைத் தட்டுவார்களா என்று அது பார்த்துக்கொண்டிருக்கும். நிரலோ பழைய கதவு திறந்திருப்பதாகவே நம்பி, கேட்டுக்கொண்டே இருக்கும். நாள் கணக்கில் கேட்கச் சொன்னாலும் கேட்கும். அதனால்தான் நிரல் எழுதுகிறவர்கள் ஒரு வரம்பு வைப்பார்கள். ஐந்து விநாடி பேச்சில்லையென்றால் சந்தேகப்படு, சிவப்பு வட்டம் காட்டு, இணைப்பை மூடு, மறுபடியும் போய்த் தட்டு என்று. ஒரே வரிதான்.

எழில் அந்த வரியை எழுதியிருந்தாள். மூன்று வாரம் முன்னால் ரஞ்சித்துக்கு ஓட்டிக் காட்டிய அன்று அது இருந்தது. அன்றைக்கு ஒயர் சரியாக மாட்டாததால் அரை மணி நேரத்தில் மூன்று தடவை சிவப்பு வந்தது. ‘என்னங்க இது, ஆரம்பமே சிவப்பு, இதை நம்பி நான் கப்பலுக்குப் பெட்டி அனுப்பவா’ என்று ரஞ்சித் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். வெளியே வந்ததும் காலித் பாய், “அந்தச் சிவப்ப எடுத்துடும்மா. கஸ்டமர் பயப்படறான்” என்றார். அவள் எடுத்துவிட்டாள். எடுக்கும்போதே மனசு கொஞ்சம் உறுத்தியது. ஆனால் எடுத்தாள்.

“எழுதிக்கோ பாப்பா” என்றார் சிலுவைமுத்து. அவர் கேரியரின் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டிருந்தார். “ரஞ்சித் சாரு ஒன்னாண்ட எழுதிக் கேட்டுகீறாராமே, செங்கொடி சொல்ச்சி. ஆஃப் பண்ணது நாந்தான். நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். அடுத்த வூட்டுப் பொண்ணு பொயப்புல நான் ஏன் மண்ணு போடணும்?”

“இருங்கண்ணா.”

“இன்னாத்த இருக்குறது? டீக்கடைல நான் சொன்னதும் உண்மதான். வவுத்தெரிச்சல்ல சொன்னேன். ஆனா வேணும்னு பண்ணல. அத்த மட்டும் சேத்து எழுது.”

வேணும்னு செய்யவில்லை என்று எழுதினால் ரஞ்சித் நம்பப்போவதில்லை. அது இருவருக்குமே தெரியும்.

சாயங்காலம் ஆபீஸ் மாடிப்படியில் நின்று காலித் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“மாஷா அல்லாஹ், கண்டுபுடிச்சிட்டியே! எழுதிடு. ஆபரேட்டர் சுவிட்ச் ஆஃப் பண்ணதால இணைப்பு போச்சி. உண்மதானே?”

“உண்மதான் பாய். ஆனா முழுசா இல்ல.”

“முழுசா எழுதறதுக்கு இதென்ன கோர்ட்டா?”

“அந்த ஆளு வேல போயிடும் பாய். நாம அந்த வரிய எடுக்காம இருந்தா, அவரு தெனம் பத்து வாட்டி ஆஃப் பண்ணாலும் ஒன்னும் ஆயிருக்காது. ஆஃப் பண்ண நேரத்துல சிவப்பு காட்டும், போட்டதும் தானா பச்சைக்கு வந்துடும்.”

காலித் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாமன்னா? எடுன்னு நான் சொன்னேன், அதானே?”

“எடுத்தது நானு.”

“ஒன் லெட்டர் டைப் பண்ணி டேபிள்ல கீது. திங்கக்கிழம கையெழுத்து. நம்ப ப்ரோக்ராம்லதான் தப்புன்னு நம்ப கையாலயே எழுதிக் குடுத்தா, அந்த யார்டு போச்சின்னு வெச்சிக்கோ. அப்பறம் நான் எத்த வெச்சி ஒனக்குச் சம்பளம் குடுக்கறது? நல்லா யோசன பண்ணிக்கோ” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ரஞ்சித்தைக் கேபினுக்குக் கூட்டிவந்தாள் எழில். மேடையில் ஒரு ட்ரெய்லர் நின்றுகொண்டிருந்தது. திரையில் எடை முப்பத்தெட்டாயிரம். சிலுவைமுத்து வெளியே நின்று வண்டிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை.

“சார், அந்தச் சுவிட்ச்ச நீங்களே ஆஃப் பண்ணுங்க.”

ரஞ்சித் அணைத்தார். பெட்டி இருண்டது. திரையில் முப்பத்தெட்டாயிரம் அப்படியே நின்றது. பச்சை அப்படியே எரிந்தது.

“இப்போ ஆன் பண்ணிட்டு, அந்த வண்டிய எறங்கச் சொல்லுங்க.”

வண்டி இறங்கியது. பெட்டியில் பூஜ்யம். திரையில் முப்பத்தெட்டாயிரம், பச்சை. ரஞ்சித் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். திங்கட்கிழமையிலிருந்து பூஜ்யமாவது வந்தது. வண்டி நிற்கும்போது அணைந்திருந்தால் அடுத்து வருகிற வண்டிகளுக்கெல்லாம் இந்த முப்பத்தெட்டாயிரமே சீட்டாக அச்சாகியிருக்கும் என்பது அவருக்கு மெல்லப் புரிந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“இது பழசு. இப்போ புதுசப் பாருங்க.” எழில் திருத்திய நிரலை ஓட்டினாள். “மறுபடி ஆஃப் பண்ணுங்க.”

ஒன்று, இரண்டு என்று ஐந்து எண்ணி முடித்ததும் வட்டம் சிவப்பானது. எடை இருந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் வந்தது. ‘எடைப் பெட்டி பதில் சொல்லவில்லை, மீண்டும் அழைக்கிறேன்’ என்று எழுத்து ஓடியது. ரஞ்சித் சுவிட்சைப் போட்டார். சற்று நேரத்தில் வட்டம் தானாகப் பச்சையானது.

“சரி. ஆனா அவன் ஆஃப் பண்ணாம இருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காதே?”

“கரண்ட் போனா வந்திருக்கும் சார். கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் கீது. பெட்டிக்கு இல்ல. இங்க கரண்ட் போகாத வாரம் எது?”

அவள் ஒரு தாளை நீட்டினாள். மூன்றே வாக்கியம். ‘எடைப் பெட்டி அணைக்கப்பட்டபோது நிரல் அதைக் கவனிக்கவில்லை. கவனிப்பதற்கான வரி முதலில் இருந்தது. அதை எடுத்தது நான்.’ கீழே அவள் பெயர்.

ரஞ்சித் படித்தார். “இருந்த வரிய ஏன் எடுத்தே?”

காலித் பாய் பெயர் எழிலின் நாக்கு நுனி வரை வந்தது.

“சிவப்பு வந்தா நீங்க சத்தம் போடுவீங்கன்னு சார்.”

வெளியே ஒரு ட்ரெய்லர் ஹார்ன் அடித்தது. ரஞ்சித் தாளை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். திட்டுவதற்காகத் திறந்த வாயில் வேறு வார்த்தை வந்தது.

“அவன்கிட்ட சொல்லு. மெஷின ஆஃப் பண்றதுன்னா ரிஜிஸ்டர்ல நேரம் எழுதிட்டு ஆஃப் பண்ணச் சொல்லு. நாலு வருஷமா ஒருத்தன் தினமும் இதச் செய்யறான், எனக்கே தெரியல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சிலுவைமுத்து உள்ளே வந்தார். செங்கொடி அதற்குள் அவரிடம் பாதியைச் சொல்லியிருந்தாள்.

“இன்னா பாப்பா, உம்மேல நீயே பயி போட்டுக்கினியாமே? பைத்தியமா நீ?”

“தப்பு என்னுதுண்ணா.”

“அப்போ என்னுது?”

“ஒங்களுது, சொல்லாம ஆஃப் பண்ணது. இனிமே ரிஜிஸ்டர்ல எழுதணுமாம்.”

“எழுதறதா? சோறு துன்றதுக்கு கையெய்த்தா?” அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “ஒன்ன நான் டீக்கடைல பேசுனது… அத்த மன்சுல வெச்சிக்காத” என்றார்.

“எந்தப் பேச்சு?” என்றாள் எழில்.

“அதான… வுடு.”

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது காலித் பாய் போன் செய்தார். ரஞ்சித் அவரிடம் பேசியிருந்தார்.

“எழுதிக் குடுத்துட்டே.”

“குடுத்துட்டேன் பாய்.”

“யார்டு நம்மகிட்டதான் இருக்கும்ன்றான். ஆனா ஒரு மாசம் பாத்துட்டுத்தான் காசு தருவானாம். ஒன் லெட்டர் இப்போ இல்ல. மூணு மாசம் போகட்டும்.”

“சரி பாய்.”

அவள் சரி என்று அவ்வளவு சீக்கிரம் சொல்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

“பாய், ஒன்னு கேக்கட்டா? இதே ப்ரோக்ராம்தானே மத்த யார்டுலயும் போட்டோம்? அந்த வரிய எடுத்தப்புறம்.”

“ஆமா. ஏழு எடம்.”

“அங்கல்லாம் யாராச்சும் கம்ப்ளெய்ன்ட் பண்ணாங்களா?”

“ஒருத்தனும் பண்ணல. எல்லாம் நல்லா ஓடுது, எல்லா எடத்துலயும் பச்சைதான்…” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

சாலையில் ட்ரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. எழில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள்.

“நீ இப்போ எங்க கீற?” என்றார் காலித் பாய். குரல் மாறியிருந்தது.

“எர்ணாவூர் ஸ்டாப்ல.”

“ஆபீஸுக்கு வராத. நேரா சடையங்குப்பம் யார்டுக்குப் போ. மழ வந்தா அங்கதான் மொதல்ல கரண்ட் போவும், போன வாரம் ரெண்டு நாள் பேஞ்சுது. அந்த ரெண்டு நாள் சீட்டெல்லாம் எடுத்துப் பாரு, ஒரே எடை திரும்பத் திரும்ப வந்திருக்கான்னு. அப்பறம் மணலி, அப்பறம் மாதவரம். நானும் ஸ்கூட்டர்ல கெளம்பறேன், மீதிய நான் பாக்கறேன். அந்த வரிய எனக்கு வாட்ஸப்ல அனுப்பு, எங்க போடணும்னு சேத்து எழுது.”

“வந்திருந்தா இன்னா பாய் சொல்றது?”

“வந்திருந்தா வந்ததத்தான் சொல்லணும். வேற இன்னாத்த சொல்றது?” என்றார் காலித் பாய். “ஆனா லெட்டரு மூணு மாசம்தான். அதுல மாத்தமில்ல.”

ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. எழில் கையைக் காட்டி, சடையங்குப்பம் பக்கம் போகுமா என்று கேட்டாள். பாதி வழிதான் போகும், அதற்கப்புறம் நடக்க வேண்டும் என்றார் ஆட்டோக்காரர். அவள் ஏறி, இரண்டு பேருக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பைத் திறந்து அந்த ஒரு வரியைத் தேடத் தொடங்கினாள்.